மருத்துவமனைக் கூடத்தில் உத்தம க்ஷமை

(தசலக்ஷண பருவத்தின் முதல் நாளன்று ஜினாலய மண்டபத்தில் நிகழ்ந்த அறவுரையின் எழுத்து வடிவம்)



பாத்திரபத சுக்கில பஞ்சமியாகிய இன்று தசலக்ஷண பருவம் தொடங்குகிறது. பத்து அறங்களுள் முதலாவதாக வைக்கப்பெற்றது உத்தம க்ஷமை. இந்நாளில் பேசுவோர் பெரும்பாலும் பார்சுவநாத பகவானின் வரலாற்றையே எடுத்துரைப்பர். கமடன் செய்த உபசர்க்கத்தையும், தரணேந்திரன் படம் விரித்து நின்றதையும், கல்லும் மழையும் பொழிந்த இரவில் பகவான் அசையாது நின்றதையும் இம்மண்டபத்துச் சிறுவர்கள்கூட அறிவார்கள். கழுகுமலைப் பாறையிலே சிற்பிகள் அதனைச் செதுக்கி வைத்தார்கள். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் சந்நிதியில் நிற்கும்போது அது எல்லோர் நினைவுக்கும் வருகிறது.

ஆயினும் இல்லறத்தானுக்குக் கமடன் வருவதில்லை. அவனுடைய பொறுமை சோதிக்கப்படும் இடங்கள் சிறியவை: பாகப்பிரிவினை, பேருந்து நிலையம், பத்திரப் பதிவு அலுவலகம். இக்காலத்தில் அவ்விடங்களுள் தலையாயது சிறப்பு மருத்துவரின் காத்திருப்புக் கூடம் என்றால் மறுப்பவர் இரார். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள ஜைன கிராமங்களில் இன்று பெரும்பாலும் முதியோரே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியில் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு உள்ளூரில் மருத்துவர் உண்டு. கண்ணின் உட்புறத்துக்கும், சிறுநீரகத்துக்கும், நரம்புக்கும் சென்னைக்கோ வேலூருக்கோ புதுச்சேரிக்கோதான் போக வேண்டும். தேதி கிடைக்கச் சில வாரங்கள், தேதியன்று பல மணி நேரம் என இருவகைக் காத்திருப்பு அங்கே உண்டு.

க்ஷமை என்பதற்கு ஆசாரியர்கள் கூறிய பொருள் நுட்பமானது. சினம் எழக் காரணம் இல்லாதபோது சினவாதிருப்பது க்ஷமை ஆகாது. காரணம் கண்முன்னே இருந்தும் மனம் கலங்காதிருப்பதே க்ஷமை. அவ்வகையில் பார்த்தால் காத்திருப்புக் கூடத்தில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான்கு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள், ஆறு மணியாகியும் அழைத்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்தவர் முன்னால் போவார். கேட்டால் "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்பார்கள்.

இவற்றுள் ஒரு பகுதி அறியாமையால் எழும் சினம். விழித்திரை மருத்துவமனையை எடுத்துக்கொள்வோர், அங்கே வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை முன்னரே தெரிந்துகொண்டால் நெஞ்சு பாதி ஆறும். டோக்கன் பெற்றவுடன் எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்து பார்வையை அளப்பார்கள். பின்னர்க் கண்ணின் அழுத்தம். அதன்பின் கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து. அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும், சர்க்கரை நோயாளருக்குச் சில வேளை அதனினும் கூடும், இரண்டு மூன்று முறை விட நேரும். அதுவரை கண்ணை மூடி அமர்ந்திருக்க வேண்டும். பின்னர் ஸ்கேன். அதன்பிறகே மருத்துவர். ஒரு குறையும் நேராத நாளிலேயே இரண்டு, மூன்று மணி நேரம் கழியும். பின்னால் வந்தவர் முன்னால் போனதற்கு, அவருக்கு மருந்து முன்னதாக வேலை செய்தது என்பதே பலமுறை காரணம். திடீரெனப் பார்வை இழந்த ஒருவரைத் தூக்கி வந்தால் வரிசை முழுதும் ஒரு மணி நேரம் பின்தள்ளப்படும். அந்த ஒருவர் தம் வீட்டவராக இருந்தால் எவரும் குறை கூறமாட்டார்.

இங்கே ஒரு வினா எழும். மணிக்கணக்கில் பசியோடும் தாகத்தோடும் உட்கார்ந்திருப்பது தவம் ஆகுமா? வினைகள் அதனால் உதிருமா? ஆகமம் இதற்கு விடை வைத்திருக்கிறது. தானாக விரும்பி ஏற்காமல், வேறு வழியின்றிப் பசி தாகங்களைப் பொறுப்பதற்கு அகாம நிர்ஜரை என்று பெயர். சிறையில் அடைபட்டவன் உண்ணாதிருப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். அதற்கும் ஒரு சிறு பயன் உண்டு, அதுவும் கலங்காத மனத்தோடு பொறுத்தால்தான். புலம்பிக்கொண்டே பொறுத்தால், வேதனையையே நினைந்து நினைந்து உழலும் ஆர்த்த தியானம் ஆகிவிடும். தத்துவார்த்த சூத்திரம் கூறும் நால்வகை ஆர்த்த தியானங்களுள் நோயின் வேதனை பற்றியது ஒன்று. ஆகவே கூடத்தில் அமர்ந்த மாத்திரத்தில் எவரும் தவசி ஆகிவிடுவதில்லை. விருப்பத்தோடு அமர்ந்தால் மட்டும் வேறு. "இந்தக் கூடத்தின் எல்லையைக் கடந்து இத்தனை நாழிகை செல்லேன்" என்று மனத்துள் வரையறுத்துக்கொண்டு அமர்பவர் தேசாவகாசிக விரதத்தின் சாயலை அங்கேயே பெறலாம். இரண்டு நாழிகை, அதாவது நாற்பத்தெட்டு நிமிடம், ஒரு சாமாயிகத்துக்குப் போதும். கண்ணை மூடி இருக்கச் சொல்லும் இடம் வேறு. மூடிய கண்களோடு பஞ்ச நமஸ்காரம் ஓதுவதற்கு அதைவிட வசதி எது?

இவ்வளவும் வரிசையில் காட்ட வேண்டிய பொறுமை. நோயிடம் காட்டும் பொறுமை என்று ஒன்று இருக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் கேடு பெரிது. அதனைக் காட்ட ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சியைச் சொல்வது பொருந்தும். ஊரும் பேரும் வேண்டா.

வந்தவாசிக்கும் ஆரணிக்கும் இடையே ஒரு சிற்றூர். அங்கே அறுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர். பிற்பகல்தோறும் ஜினாலயத் திண்ணையில் ஐந்தாறு பெண்களுக்கு ஸ்ரீபுராணம் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் ஆதிநாதர் வரலாற்றைப் படிக்கையில் ஒரு வரியை விட்டுப் படித்தார். கேட்டவர்கள் அதனைப் பலமுறை கேட்டவர்கள், ஆகையால் உடனே கண்டுகொண்டார்கள். மறுநாளும் விட்டார். விசாரித்தபோது, எட்டு மாதமாக வலக்கண்ணில் கருநூல்கள் மிதப்பதாகவும், புகை படிந்தாற்போல் இருப்பதாகவும் கூறினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அசாதா வேதனீயம் வந்திருக்குது, அனுபவிச்சுத்தானே தீரணும்" என்றார். கேட்டவர்களுக்கு அது பக்குவமாகத் தோன்றியது. மறுத்துப் பேச எவருக்கும் வாய் எழவில்லை.

வந்தவாசி மருத்துவர் பார்த்த அன்றே விழித்திரைச் சிறப்பு மருத்துவரிடம் போகச் சொன்னார். சர்க்கரை நோய் முற்றும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. பின்னர்ச் சில இடங்களில் புதிய, வலுவற்ற குழாய்கள் முளைத்து உடைகின்றன. தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் குறைவதில்லை. அதனால்தான் சர்க்கரை நோய் உள்ளவர் குறை ஏதும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்மணி விரித்து விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். இந்நோய் உள்ளவர் கண்ணில் மிதக்கும் கருநூல்கள் உடைந்த குழாயிலிருந்து வந்த இரத்தமாக இருக்கக் கூடும்.

மூன்று வாரத்துக்குப் பின் ஒரு நாள் மாலை நான்கரை மணிக்கு நேரம் கிடைத்தது. சென்னையில் இருக்கும் மகன் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புப் பெற்று அழைத்துச் சென்றார். கூடத்தில் நிற்க இடமில்லை. மூதாட்டிக்கு அனத்தமி விரதம், பன்னிரண்டு வயதில் ஏற்றது. பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்துவதில்லை. அதனால் வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு மாலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பையில் இட்லி இருந்தது. பிரித்து உண்பதற்குள் பெயரை அழைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள். கண்ணை மூடி அமர்ந்தார். பத்து நிமிடம் கழித்து மீண்டும் மருந்து. கண் திறந்தபோது எதிரே இருந்த எண் பலகை கலங்கித் தெரிந்தது, சன்னலில் வெளிச்சம் இல்லை. இட்லிப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டார்.

மகன் அப்போது அருகில் இல்லை. தெரிந்தவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் மூலமாக உள்ளே ஒருவரிடம் சொல்லி, வரிசையில் முன்னே செல்ல வழி செய்துகொண்டு இருந்தார். ஏழு மணிக்கு மேல் மூதாட்டிக்கு வியர்த்தது. கை நடுங்கியது. ஆம்பூரிலிருந்து மகளோடு வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி ஏதோ கேட்டார், பதில் குழறியது. அவர் எழுந்து சென்று செவிலியரை அழைத்து வந்தார். விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. நீரில் கரைத்த குளுக்கோஸைக் கொண்டுவந்தார்கள். மூதாட்டி உதட்டை இறுக மூடிக்கொண்டார். "பொழுது சாஞ்சிடுச்சு" என்ற சொல் மட்டும் வந்தது. மகன் ஓடி வந்தார். "அம்மா, இது சாப்பாடு இல்லம்மா, மருந்து. என் பேர்ல இருக்கட்டும், குடிங்கம்மா" என்றார். குடித்தார். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். தெளிந்தவுடன் அழுதார். கண்ணுக்காக அல்ல.

மருத்துவர் பார்த்தபோது மணி எட்டரை. இடக்கண்ணைக் காக்கலாம் என்றார், ஊசி மருந்தும் லேசரும் வேண்டும் என்றார். வலக்கண்ணில் இழந்த பார்வை முழுதும் திரும்பாது. எட்டு மாதத்துக்கு முன் வந்திருந்தால் நிலைமை வேறு என்பதை அவர் கடிந்து சொல்லவில்லை. கோப்பில் எழுதிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஊர் திரும்பிய மூதாட்டி உபாத்தியாயரிடம் சென்று பிராயச்சித்தம் கேட்டார். அவர் வயதில் மிக மூத்தவர். பேச்சுக் குறைந்தவர். பிராயச்சித்தம் கூறுமுன் சமந்தபத்திர ஆசாரியரின் வரலாற்றைச் சொன்னார். அதனை இங்கே திருப்பிச் சொல்வது அவசியம்.

காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படுபவர் சமந்தபத்திரர். அருங்கலச்செப்பு பின்பற்றிய ரத்னகரண்ட சிராவகாசாரத்தை அருளியவர். துறவு பூண்டபின் அவருக்குப் பஸ்மக நோய் உற்றது. எவ்வளவு உண்டாலும் வயிற்றில் எரிந்து சாம்பலாகும் பெரும்பசி. நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கையில் ஏற்று உண்ணும் நிர்க்கிரந்த முனிவர் அந்நோயோடு விரதம் காப்பது எவ்வாறு? அவர் தம் குருவிடம் சென்று சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். இந்நோய்க்கு மாற்று உண்டு, உன்னால் அறத்துக்கு ஆக வேண்டிய பணியும் உண்டு, ஆகவே வேடத்தை நீக்கி நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் வந்து துறவு ஏற்பாயாக என்று பணித்தார் என்பது மரபு. சமந்தபத்திரர் அவ்வாறே செய்தார். நோய் தணிந்தபின் மீண்டும் தீக்ஷை பெற்றார். அதன்பின் எழுந்தவையே அவர் புகழ் நிறுவிய நூல்கள்.

அதே ஆசாரியர் சல்லேகனைக்கு உரிய காலத்தை வரையறுக்கும்போது, நோய் என்று வாளா கூறாமல், மாற்று இல்லாத நோய் என்று அடைமொழி கொடுத்துக் கூறுகிறார். தம் உடம்பில் பட்டு அறிந்தவர் எழுதிய அடைமொழி அது. மாற்று உள்ள நோயை மருத்துவரிடம் காட்டாமல் வினைப்பயன் என்று சுமந்திருப்பதற்கு அவர் நூலில் இடமில்லை. இருபத்திரண்டு பரீஷகங்களுள் நோயும் ஒன்று, வேதனீய கருமத்தால் வருவது, உண்மை. அதனை வென்ற சனத்குமார முனிவரை எல்லோரும் கைகூப்புகிறோம் என்று கூறுவோர் உண்டு. மருத்துவராக வந்த தேவனிடம், பிறவிப் பிணியைத் தீர்ப்பாயோ என்று கேட்டவர் அவர். ஆறு கண்ட பூமியையும் துறந்தபின் அவ்வாறு கேட்டார். பேரன் பேத்தியருக்கு ஸ்ரீபுராணம் படித்துக் காட்ட வேண்டிய இல்லறத்தார் எட்டு மாதம் வாய் திறவாமல் இருப்பதற்கு அவரைச் சான்று காட்டலாகாது. அசாதா வேதனீயம் உதயத்துக்கு வந்தது என்பது சரி. மருத்துவர் கிடைப்பதும் மருந்து வேலை செய்வதும் சாதா வேதனீயத்தின் உதயம் அன்றோ? ஒன்றை மட்டும் வரவேற்று மற்றொன்றை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

உபாத்தியாயர் கொடுத்த பிராயச்சித்தம் நூற்றெட்டு முறை பஞ்ச நமஸ்கார ஜபம். உபவாசமோ ஏகபுக்தமோ கேட்டபோது, "சர்க்கரை இருக்கிற உடம்புக்குச் சாப்பாட்டைக் குறைச்சு நான் பிராயச்சித்தம் சொல்லமாட்டேன்" என்று மறுத்துவிட்டார்.

இங்கே சில செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. கண்ணில் திடீரெனப் பல கருநூல்கள் தோன்றினாலோ, மின்னல் போல் ஒளி தெறித்தாலோ, ஒரு பக்கமிருந்து திரை இறங்குவது போல் பார்வை மறைந்தாலோ, மூன்று வாரம் கழித்துக் கிடைத்த தேதிக்காகக் காத்திருக்கலாகாது. அன்றே செல்ல வேண்டும். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், மார்பில் அழுத்தும் வலி ஆகியவற்றுக்கும் இதுவே. அவற்றுக்கு வரிசை இல்லை. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் உணவு தாமதித்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். ஆகையால் அனத்தமி நோன்பினர் மாலை நேரச் சந்திப்பைத் தவிர்த்து முற்பகலில் கேட்டுப் பெறுவது நன்று. காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் மாற்றித் தருகிறார்கள். கேட்பதற்குத்தான் கூச்சம். மாலையே கிடைத்தால், கையில் உணவை வைத்துக்கொண்ட பிறகே மாத்திரை. மாத்திரை நேரத்தை மாற்றலாமா, உபவாச நாளில் எதனை நிறுத்தலாம் என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கேட்கலாகாது. சர்க்கரை தாழ்ந்து, நினைவு தப்பாமல் விழுங்கக் கூடியவராக இருந்தால், பதினைந்து கிராம் அளவு குளுக்கோஸோ சர்க்கரையோ நீரில் கரைத்துத் தருவது முறை. பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதிப்பார்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றலாகாது. பொழுது சாய்ந்தபின் அதனைப் பருகலாமா என்ற ஐயம் வயதானவர்களுக்கு எழும். அந்த ஐயத்தை ஆபத்து வந்த நேரத்தில் தீர்க்க முடியாது. விரதம் ஏற்கும்போதே, அல்லது இன்றே, உபாத்தியாயரிடமோ முனிவரிடமோ கேட்டு மனத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டவரும் அதனை அறிந்திருக்க வேண்டும்.

அனத்தமி நோன்பால் ஒரு நன்மையும் உண்டு என்பதை இடையே சொல்லிவிடலாம். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்கு இரவு எட்டு, பத்து மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்று பிறருக்குப் பலமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜைனர் இல்லங்களில் அச்சொல்லே தேவையில்லை.

மகன் செய்தது பற்றியும் பேச வேண்டும். தாயின் மீது கொண்ட அன்பினால் செய்தார். இருப்பினும், தெரிந்தவரைக் கொண்டு வரிசையில் முந்துவது என்பது என்ன? கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது அணுவிரத இலக்கணம். நேரத்தைக் களவுப் பொருளாக எந்த ஆசாரியரும் பெயரிட்டுக் கூறவில்லை. ஆனால் பின்னால் அமர்ந்திருப்பவரின் கால்மணி நேரம் அவர் கொடுக்காமல் எடுக்கப்படுகிறது. அவரும் விழி கலங்கி, பசித்து, ஊருக்குக் கடைசிப் பேருந்தை எண்ணிக்கொண்டு இருப்பவர். முந்தினால் அன்று பின்தள்ளப்பட்டிருக்கக் கூடியவர்களுள், செவிலியரை அழைத்துவந்த ஆம்பூர்ப் பெண்மணியும் ஒருவர். மகன் அதனைப் பின்னர்த்தான் அறிந்தார். பணம் கொடுத்து முந்துவதை இழிவென்று கருதும் நல்ல குடும்பத்தினர்கூட, செல்வாக்கைக் கொண்டு முந்துவதைத் திறமை என்று திருமண வீடுகளில் சொல்லிக்கொள்கிறார்கள். நோயின் அவசரம் கருதி மருத்துவமனையே ஒருவரை முன்னே அழைத்தால் அது வேறு. அதற்கு நேர்வழி உண்டு. செவிலியரிடம் சென்று, இவருக்கு மயக்கம் வருகிறது, மாத்திரை போட்டு உண்ணவில்லை என்று உண்மையைச் சொல்வதே அவ்வழி.

மகன் அந்நேரத்தில் தாயின் அருகில் இருந்திருந்தால் இட்லிப் பொட்டலம் ஆறு மணிக்கு முன் பிரிந்திருக்கும். மூடிய கண்ணோடு இருப்பவருக்கு ஊட்டிவிடலாம், சொட்டு மருந்துக்கும் இட்லிக்கும் பகையில்லை. அருகில் இருப்பது என்னும் இதனை ஆகமம் சிறிய செயலாகக் கருதவில்லை. அகத்தவம் ஆறனுள் ஒன்றாகிய வையாவிருத்தியத்துக்கு உரியோர் பதின்மர் என எண்ணும் இடத்தில் நோயுற்றோரைத் தனியே எண்ணுகிறது. அது முனிவரைக் குறித்துச் சொல்லப்பட்டது. இல்லறத்தார் தம் முதியோரிடத்து அதன் நிழலையேனும் பழக வேண்டாமா? தம்மேல் வாந்தி எடுத்த நோயுற்ற முனிவரை உத்தாயன மன்னன் தானே கழுவித் துடைத்தான். அதனால்தான் அருவருப்பின்மை என்னும் அங்கத்துக்கு அவன் பெயரே எடுத்துக்காட்டாயிற்று. ஔஷத தானத்துக்கு விருஷபசேனையின் பெயர் சொல்லப்படுகிறது. முற்பிறவியில் அவள் ஜினாலயம் கூட்டும் பெண். தியானத்தில் இருந்த முனிவரை விலகச் சொல்லி, அவர் விலகாதிருக்கவே குப்பையை அவர்மேல் தள்ளிவிட்டாள். பின்னர்த் தன் செயலுக்கு வருந்தி, அம்முனிவருக்கு வேண்டிய மருந்தும் பணிவிடையும் தானே செய்தாள். அப்புண்ணியத்தால் மறுபிறவியில் அவள் நீராடிய நீரே பிறர் பிணி தீர்த்தது என்பர். கவனிக்கத் தக்கது, அவள் பொன் கொடுத்து மருந்து வாங்கச் சொல்லவில்லை என்பது.

மருத்துவத்தை அறத்தோடு சேர்த்தே கண்டது இச்சமயம். ஏலாதி, சிறுபஞ்சமூலம் எனத் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினார்கள் தமிழ்ச் சமணப் புலவர்கள். உக்கிராதித்தியர் ஊனும் தேனும் கள்ளும் கலவாத மருத்துவத்தைக் கல்யாணகாரகம் என்னும் நூலாக வகுத்தார். இக்காலத்துக் குடும்பங்கள் அவ்வழியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காப்ஸ்யூல் மருந்துகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதனை அறிந்த சிலர் வீட்டுக்கு வந்து சத்தமின்றி மருந்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், மருத்துவர் மருந்து பயன்படவில்லை என்று எண்ணி வேறு மருந்தை எழுதுகிறார். காத்திருக்கும் நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, "இதே மருந்து மாத்திரையாகவோ, தாவர உறையிலோ கிடைக்குமா?" என்று அவரிடமே கேட்டால் பலவற்றுக்கு மாற்று உண்டு. அதே தாளில், உண்ணும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து, எத்தனை ஆண்டாகச் சர்க்கரை, எந்த மாதத்தில் என்ன குறை தொடங்கியது என்பனவும் இருக்கட்டும். நான்கு மணி நேரம் காத்திருந்தவருக்கு மருத்துவர் முன் கிடைப்பது சில நிமிடங்கள். அங்கே அமர்ந்தவுடன் முதியோர்க்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். உடன் வருபவரின் முதல் வேலை அத்தாள்.

அந்த ஊரில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஜினாலயத்தில் விசேஷ நாட்கள் எழுதும் கரும்பலகையின் கீழ்ப்பகுதியில், யாருக்கு எந்தத் தேதியில் எந்த ஊர் மருத்துவமனை என்று எழுதுகிறார்கள். நோயின் பெயர் எழுதுவதில்லை. எதிரே, உடன் செல்பவர் பெயர். பிள்ளைகள் வர இயலாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டார் பெயர் எழுதப்படுகிறது. தொடக்கத்தில் சிலர் கூச்சப்பட்டார்கள். மடத்துக்கும் மலைக்கும் வண்டி வைத்துக் கூட்டமாகப் போகிறவர்கள் மருத்துவமனைக்கு மட்டும் தனியே போவானேன் என்று உபாத்தியாயர் கேட்டபின் கூச்சம் குறைந்தது.

மூதாட்டிக்கு இடக்கண்ணில் மூன்று ஊசிகள் ஆகிவிட்டன. கல்லூரியில் படிக்கும் பேத்தி உடன் செல்கிறாள். முற்பகல் நேரம் கேட்டுப் பெற்றார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடியிருக்கும் அரைமணி நேரத்தில் பேத்தி ஸ்ரீபுராணத்தைத் தாழ்ந்த குரலில் படிக்கிறாள். உச்சரிப்புத் தவறினால் மூடிய கண்ணோடே, "மறுபடி படி" என்பார் ஆயா. அடுத்த தேதி இந்தத் தசலக்ஷணத்தின் எட்டாம் நாள். அன்று எடுப்பதாக இருந்த உபவாசத்தை அனந்த சதுர்த்தசிக்கு மாற்றிக்கொள்வதாக அவரே சொன்னார். "டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஆயா" என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். அந்தக் கேள்வியும் இப்போது தாளில் எழுதப்பட்டிருக்கிறது.